ஒன்பதாம் தாளுக்குப் பத்து வரி

மகன்,

நீ அனுப்பிய கொப்பி செவ்வாய்க்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. இரண்டு தரம் வாசித்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வெகு திறமாக எழுதியிருக்கிறாய். அரசாங்கக் கச்சேரி வாசலில் மேசை போட்டு ஊராருக்கு மனு, பெட்டிசம் எழுதிப் பிழைத்தவன் சொல்கிறேன், இதில் நான் கை வைக்க ஓரிடம்கூட இல்லை. வாசிக்கிறவன் எந்த இடத்தில் பெருமூச்சு விடவேண்டுமோ அந்த இடத்தில் விடுகிறான். எங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டுமோ அங்கே துடைக்கிறான். இதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதே. இவ்வளவு கேவலமான எழுத்தை நான் வாசித்துக் கனகாலம். இதற்குச் சமமாக இன்னொன்று தேடுவதென்றால் அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் என் பழைய கொப்பிகளைத்தான் எடுக்கவேண்டும்.

கூடவே வைத்திருந்த துண்டுக் கடிதத்தையும் வாசித்தேன். கொழும்புக்கு வெளியே அந்தக் குடி நிறுத்தும் விடுதியில் ஏழு கிழமை முடிந்துவிட்டது, சாப்பாடு பரவாயில்லை, கை நடுக்கம் நின்றுவிட்டது, நித்திரை வருகிறது என்கிறாய். சந்தோஷம். அங்கே கேள்வித் தாள்களைத் தந்து, ஒவ்வொரு காலையும் ஒரு மணித்தியாலம் உட்கார்த்தி வைத்துப் பதில் எழுதச் சொல்கிறார்கள். நல்லது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்புவழிபுரத்தில் தன் தாய் வீட்டுக்கு வந்துவிட்ட வசந்தி, உன் கொப்பியை வாசித்த பிறகுதான் உன்னோடு திரும்பி வாழ்வதா இல்லையா என்று சொல்வேன் என்று எழுதியிருக்கிறாள். அதுவும் நியாயம். அதற்குப் பிறகு நீ எழுதிய வரியில்தான் நான் நின்றுவிட்டேன். "அப்பா, எப்பிடி எழுதினால் ஆக்களின்ர மனம் இளகும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். அவவுக்கு அனுப்ப முதல் ஒருக்கா வடிவாக்கித் தாங்கோ." பெண்சாதியிடம் மன்னிப்புக் கேட்கப் பெட்டிசக்காரனை அமர்த்திய முதல் ஆள் நீதான் என்று எழுத வந்தேன். பிறகு யோசித்தேன், நீ முதல் ஆள் இல்லை. அந்தக் கதையைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன்.

உன் ஒன்பதாம் தாளை எடுப்போம். கேள்வி என்ன? உங்கள் குடியால் வேறொருவர் இழந்த ஒன்றைப் பத்து வரிக்குள் எழுதுங்கள், காரணம் எழுத வேண்டாம். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். நீ நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். துறைமுக ஊரில் பிறந்தவனுக்குக் கடலும் குடியும் கூடவே பிறந்தவை என்று தொடங்குகிறாய். சல்லிக் கரையிலும் நிலாவெளிக் கரையிலும் விடிந்தால் பொழுதுபட்டால் கடலிலேயே கிடக்கிற எத்தனையோ பேர் ஒரு சொட்டும் தொடாமல் இருக்கிறார்கள். உனக்கு மட்டும் கடல் எழும்பி வந்து வாயில் ஊற்றியதா? அடுத்த பந்தி, வெள்ளைக்காரன் போன துக்கத்தில் குடிகாரனான தகப்பனின் நிழலில் வளர்ந்த பாலகனைப் பற்றியது. அந்தத் தகப்பன் நான் என்றபடியால் அதை விசேட கவனத்தோடு வாசித்தேன். மூன்றாவது பக்கத்தில், ஆசிரியர் பயிற்சிக்குத் தெரிவான உன் அம்மாவுக்கு அரசாங்கம் செய்த அநியாயமும், அதனால் எங்கள் வீட்டில் குடிபுகுந்த இருளும் வருகின்றன. கடைசிப் பக்கத்தில் கொழும்பு வருகிறது, தனிமை வருகிறது, மழை வேறு வருகிறது. வசந்தியின் பெயர் ஒரே ஒரு தரம் வருகிறது. அதுவும் "என்னைப் புரிந்துகொள்ள இயலாத" என்ற மாலையைப் போட்டுக்கொண்டு வருகிறது.

மகன், அந்த வாங்கு எங்கே? மூன்று வயதுப் பிள்ளையை பஸ் நிலையத்து மர வாங்கில் இருத்திவிட்டு, அப்பா இப்ப வாறன் என்று சொல்லி, தெருவைக் கடந்து சாராயக் கடைக்குப் போனாயே, அது எங்கே? பிள்ளை பின்னேரம் வரை அந்த இடத்தைவிட்டு அசையாமல் இருந்தது. கச்சான் கடலை விற்கிற யாரோ ஒரு மனுசி அதைத் தன் கடகப் பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தி வைத்திருந்தாள். வசந்தி தேடி ஓடிவந்தபோது, பிள்ளை அழவில்லை, அப்பா வரட்டும் என்று சொன்னது. இதையெல்லாம் வசந்தி எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, குரலை உயர்த்தாமல், கடையில் வாங்கின சாமானைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். உன் நாலு பக்கத்தில் கடல் இருக்கிறது, வெள்ளைக்காரன் இருக்கிறான், மழை இருக்கிறது. அந்த வாங்கு இல்லை. இதை நான் வடிவாக்க வேண்டுமாம்.

நீ எழுதியிருப்பது பெட்டிசம். அதன் அமைப்பு எனக்கு நித்திரையிலும் தெரியும். முதலில் மனுதாரர் ஒரு பாவமும் அறியாதவர். பிறகு காலம் கெட்டது. பிறகு மேலதிகாரி ஈவிரக்கம் இல்லாதவர். கடைசியில் கனம் பொருந்திய தங்களின் கருணையை நாடி நிற்கிறேன். இடையில் மனுதாரர் என்ன செய்தார் என்ற விசயம் மட்டும் எங்கும் வரக்கூடாது. வந்தால் பெட்டிசம் கெட்டுப்போகும். எனக்கு இந்தத் தொழில் கைவந்தது கடற்படைத் தளத்துக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்த காலத்தில். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது எங்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களுக்கெல்லாம் பெட்டிசம் எழுதப் போய், அதுவே பிழைப்பாகியது. மரத்துக்குக் கீழே ஒரு மேசை, ஒரு பழைய தட்டச்சு இயந்திரம், நாலு கடதாசி. ஒருநாள் அந்தப் பக்கம் மேய வந்த மான் ஒன்று, ஒரு விதவையின் காணிப் பெட்டிசத்தை அப்படியே தின்றுவிட்டது. என் எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் உள்ளே எடுத்த ஒரே ஆள் அந்த மான்தான் என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம்.

வெள்ளைக்காரன் போன துக்கத்தில் அப்பா குடிக்கத் தொடங்கினார் என்று நீ எழுதியிருக்கிறாய். அந்தக் கதையை உனக்குச் சொன்னவனே நான். உள்துறைமுகம் நிறைய அவன் கப்பல்கள் நின்ற காலத்திலேயே நான் குடித்தேன். வேலை இருந்தபோது இருக்கிற சந்தோஷத்தில் குடித்தேன், போனபோது போன கவலையில் குடித்தேன். அவன் போகாமல் இருந்திருந்தால், போகிறான் இல்லையே என்ற ஆத்திரத்தில் குடித்திருப்பேன். குடிகாரனுக்குக் காரணம் கிடைப்பது பெரிய காரியமா?

இனி இங்கே ஓர்ஸ் ஹில்லில் நடந்த கதை. ஆசுப்பத்திரியில் தலைமைத் தாதியாக இருந்து இளைப்பாறிய ஒரு அம்மாள் அங்கே இருந்தார். பெரிய மிஸி என்றுதான் ஊரில் சொல்வோம். சனிக்கிழமைப் பின்னேரங்களில் தன் வீட்டு விறாந்தையில் வாங்குகளைப் போட்டு, ஊரில் உள்ள பெயர்போன குடிகாரர்களை இருத்தி, ரோனியோவில் பிரதி அடித்த தாள்களைக் கொடுப்பார். கிழமைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தாள். முதன் முதலில் எப்போது குடித்தீர்கள், யாரிடம் ஒளித்தீர்கள், குடிக்காத நாளில் எந்த மணித்தியாலம் கஷ்டமானது, அந்த மணித்தியாலத்தில் வேறு என்ன செய்யலாம், இப்படி. கொழும்பில் உனக்குத் தந்தவையும் கிட்டத்தட்ட அதே தாள்கள்தான். ஒன்பதாம் தாள் எழுத்துக்கு எழுத்து அதே தாள். இந்த விசயத்தில் கேட்பதற்கு உலகத்தில் வேறு கேள்வி இல்லைப் போலும். உன் அம்மாவின் தொல்லை தாங்காமல் நானும் போனேன். அப்போது உனக்குப் பத்து வயது இருக்கும்.

பெரிய மிஸியின் பழக்கம் ஒன்று எனக்கு ஒரே அருவருப்பாக இருந்தது. நாங்கள் எழுதினதை அவர் வாசிப்பதில்லை. தாள் நிறைந்திருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. எனக்கு வேண்டாம், நீங்கள் எழுதினால் போதும் என்பார். வாசிக்க அதிகாரி இல்லாத பெட்டிசத்தை எந்த மடையன் எழுதுவான்? ஆகவே நானே வலிய எழும்பி வாசித்தேன். முதலாம் தாளுக்கு நான் எழுதியது ஒன்பது பக்கம். உள்துறைமுகத்தில் சூரியன் விழுவதில் தொடங்கி, என் தகப்பன் செத்ததில் முடியும். ஒரு தச்சன் தேம்பி அழுதான். அன்றைக்கு இரவே நானும் அந்தத் தச்சனும் தவறணைக்குப் போய், என் கட்டுரை எவ்வளவு உருக்கமாக இருந்தது என்று பேசிப் பேசிக் குடித்தோம்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் விசேஷம். மற்றவர்களுக்கு எழுத வராது. வெறும் தாளோடு வந்து வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். நான் இருக்கப் பயம் ஏன்? தச்சனுக்கு எழுதினேன். இறங்குதுறையில் மூட்டை சுமக்கிற இரண்டு பேருக்கு எழுதினேன். ஈச்சிலம்பற்றிலிருந்து வந்து போன ஒரு வயல்காரனுக்கு, அவனுடைய செத்த மாடு ஒன்றை வைத்து நாலாம் தாளை எழுதிக் கொடுத்தேன். மாடு செத்தது உண்மை. அதனால் அவன் குடித்தான் என்பது என் கற்பனை. அவன் அதை வாசிக்கக் கேட்டபின், அடடா அதனால்தானா நான் குடிக்கிறேன் என்று தலையை ஆட்டிக்கொண்டு போனான். இந்த எழுத்துக்கு எனக்குக் கூலி என்ன தெரியுமா? ஆளுக்குக் கால் போத்தல் சாராயம். குடியை விடுகிற கட்டுரைக்குச் சாராயக் கூலி வாங்கினவன் உன் அப்பன். சனிக்கிழமைகளில் அந்த விறாந்தையில் ஏழெட்டுப் பேர் என்னுடைய கண்ணீரை ஆளுக்கு ஆள் மாற்றி வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வாங்கில் இருந்து, எந்தப் பந்தி நன்றாக எடுபடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் மட்டும் என்னிடம் வரவில்லை. மீராசா காக்கா. கிண்ணியாவுக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்குகிற பாதை என்ற மிதவைப் படகில் வேலை செய்தவர். அவருடைய முஸ்லிம் ஆட்களுக்குள் குடி என்பது வெளியில் சொல்லக்கூடிய விசயமே இல்லை. அதனால் உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அக்கரையிலிருந்து வருவார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். பென்சிலை உளியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, தாளுக்கு மேலே குனிந்து, ஒரு வரி எழுத அரை மணித்தியாலம் எடுப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருநாள், தாரும் காக்கா, நான் எழுதித் தாறன், கூலியும் வேண்டாம் என்றேன். அவர் தாளைக் கையால் மறைத்துக்கொண்டார். "ஐயா, நீங்க எழுதினா நல்லாத்தான் இரிக்கும்," என்றார். "ஆனா குடிச்சது நான் தானே." என்னவோ பெரிய ரகசியம் எழுதுகிறார் என்று நினைத்து, அவர் தண்ணீர் குடிக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். "இண்டைக்கும் குடிச்சன். மகள் கண்டிட்டா. ஒண்டும் கேக்கல்ல." அவ்வளவுதான். அதை நான் தவறணையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இவ்வளவுதானா ஒரு மனிசனுடைய எழுத்து என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தச்சன் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம்.

பன்னிரண்டு தாளும் முடிந்தபோது காக்கா குடியை விட்டிருந்தார். நான் விறாந்தையின் சிறந்த எழுத்தாளனாக இருந்தேன். அடுத்த வருசம் என் வயிறு என்னைக் கைவிட்டது. கச்சேரி மேசையிலேயே இரத்தமாக வாந்தி எடுத்தேன், ஒருவருடைய பென்சன் பெட்டிசத்துக்கு மேலே. ஆசுப்பத்திரியில் கிடந்தபோது என் எழுத்தில் அழுதவர்கள் ஒருவரும் வரவில்லை. காக்கா வந்தார். ஒரு புதுக் கொப்பியையும் பென்சிலையும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒரு நாளைக்கு ஒரு வரி ஐயா. ரெண்டாவது வரி எழுதப் போனா நான் ஞாயம் பேசத் தொடங்கிருவன். அதான் நான் ஒண்டோட நிப்பாட்டுற." எனக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் வேறு ஒன்றும் செய்ய ஏலாத நிலை. எழுதினேன். இன்றைக்கு மூன்று மணிக்கு மனம் தவறணைக்குப் போனது. இன்றைக்கு மனைவி சோறு கொண்டுவந்தாள், நான் முகத்தைத் திருப்பினேன். இப்படியே ஒரு வரி, ஒரு வரி. ஆறு மாதத்தில் எனக்கே விளங்கத் தொடங்கியது, எனக்குத் தாகம் எடுப்பது கவலையில் அல்ல, யாராவது என்னைப் புகழ்ந்த நாட்களில் என்று. ஒன்பது பக்கம் எழுதியபோது தெரியாதது ஒற்றை வரிகளை அடுக்கிப் பார்த்தபோது தெரிந்தது. புகழ்ச்சி கேட்ட நாளில் தெருவை மாற்றி நடந்தேன். பதினாலு வருசமாகத் தொடவில்லை. ஆகவே மகன், இந்த எழுத்துப் பயிற்சியை நான் பழிக்கிறேன் என்று நினையாதே. நான் பழிப்பது உன் எழுத்தை.

ஆனால் ஒன்று பாக்கி. அந்தக் கொப்பிகளிலும் நான் ஒன்பதாம் தாளைத் தொடவில்லை. மற்றப் பதினொன்றுக்கும் ஒற்றை வரிகளில் பதில் இருக்கிறது. ஒன்பதாவது மட்டும் வெறுமையாக மடித்து வைத்தபடி உள்ளே கிடந்தது. உன்னுடைய மூன்றாம் பக்கத்தை, அம்மாவுக்கு அரசாங்கம் செய்த அநியாயத்தை, வாசித்தபோதுதான் அந்த வெறுந்தாளை வெளியே எடுத்தேன். நீ சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த கதை. பயிற்சிக் கலாசாலைக்குத் தெரிவானாள், செல்வாக்குள்ள யாரோ தன் ஆளைப் போட்டுவிட்டான், அப்பா விடாமல் இரண்டு வருசம் பெட்டிசம் எழுதிப் போராடினார். அம்மா அதோடு மனம் விட்டு, பாலர் பள்ளியில் உதவிக்கு நிற்கிற ஆளாகவே காலத்தைக் கழித்தாள். சம்பந்திமார் வந்தாலும் சொல்கிற கதை. அந்தப் பெட்டிசங்களின் பிரதிகளை அம்மா இன்னும் சீலைப் பெட்டியில் வைத்திருக்கிறாள், எனக்காகப் போராடினவர் என்று. உனக்கு ஒன்று சொல்லட்டா? நான் எழுதினதிலேயே சிறந்த பெட்டிசங்கள் அவை. அநியாயம் செய்தவனுக்குத்தான் அநியாயத்தைப் பற்றி அவ்வளவு விபரமாக எழுத வரும்.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு மேசையில் இருந்து ஒன்பதாம் தாளை எழுதினேன். பத்து வரி எழுத மத்தியானம் ஆகிவிட்டது. உனக்கு அனுப்பத்தான் எழுதினேன், உனக்கு முன்மாதிரி காட்டலாம் என்ற கொழுப்பு. எழுதி முடித்த பிறகுதான் இது உனக்கு எழுத வேண்டியதே அல்ல என்று உறைத்தது. அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வாசலில் வெளிச்சத்தில் நின்று வாசித்தாள். வாசித்து முடித்தும் தலையை நிமிர்த்தவில்லை.

"அந்தக் கோடு போட்ட சட்டையோ?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

"பொக்கற்றுக்குள்ள கடதாசி கரைஞ்சு ஒட்டிக்கிடந்து, கிணத்தடியில இருந்து நகத்தால சுரண்டினனான். உங்கட குப்பைப் பெட்டிசம் எண்டு ஏசினனான்."

பிறகு பாலர் பள்ளிக்குக் கொண்டுபோகும் பையைத் திறந்து, பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற சிவப்புப் பென்சிலை எடுத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு மேசையில் இருந்து, என் பத்து வரியையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்து, நாலு வரியை வெட்டினாள். துறைமுகத்தில் வேலை போய் நான் மனமுடைந்திருந்த காலம் என்ற வரி போனது. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது என்ற வரி போனது. இத்தனை வருசமும் இதை நெஞ்சில் சுமந்து நானும் வெந்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன், அதை இரண்டு தரம் வெட்டினாள். மன்னிக்க வேண்டும் என்ற கடைசி வரியும் போனது. காரணம் எழுத வேண்டாம் என்ற கேள்விக்கு, பதினாலு வருசம் ஒற்றை வரி பழகிய பிறகும், பத்தில் நாலு வரி பெட்டிசம் எழுதியிருக்கிறேன் பார். மிச்சம் ஆறு வரிதான். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் உனக்கு இடம் கிடைத்தது.
வருகிறேன் என்று நீ எழுதிய கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தாய்.
நான் தவறணைக்குப் போனேன், கடிதம் சட்டைப் பையில் கிடந்தது, அடுத்த நாள் அந்தச் சட்டையை நீ தோய்த்தாய்.
தவணை கடந்த பிறகு, உன் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று உனக்குச் சொன்னேன்.
அதை எதிர்த்து உன் பெயரில் நானே பெட்டிசம் எழுதினேன்.
உன் பதில் கடிதம் வரவில்லை என்று சிங்களத்தில் பதில் வந்தது, உனக்கு அது வாசிக்கத் தெரியாது என்பதால் விசாரணை நடக்கிறது என்று சொன்னேன்.

இவ்வளவுதான் மகன் நடந்தது. இதில் வெள்ளைக்காரன் இல்லை, கடல் இல்லை, அரசாங்கம்கூட இல்லை. இதை எழுத எனக்கு இத்தனை வருசம் எடுத்தது. உனக்கு ஏழு கிழமைதான் ஆகியிருக்கிறது என்று சாட்டுச் சொல்லாதே. அந்த வாங்கை எழுது. பிள்ளையை இருத்தினேன், தெருவைக் கடந்தேன், பின்னேரம் வரை வரவில்லை, பிள்ளை அசையாமல் இருந்தது. யார் கண்டது என்று எழுது. கச்சான் விற்ற மனுசியிடம் நன்றி சொன்னாயா இல்லையா என்று எழுது. ஏன் போனாய் என்று எழுதாதே. அதை வசந்தி கேட்கவில்லை, தாளும் கேட்கவில்லை. எழுதும்போது நன்றாக வருகிறது என்று தோன்றினால் உடனே பென்சிலை வைத்துவிடு. நன்றாக வருவது என்னிடமிருந்து உனக்கு ஒட்டிய வியாதி. குடியைவிட அதற்குத்தான் நான் உன்னிடம் பதில் சொல்ல வேண்டியவன். உன் நாலு பக்கத்தையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒரு எழுத்தும் தொடவில்லை.

இன்று காலை நான் தேத்தண்ணீருக்குக் காத்திருந்தேன். வரவில்லை. எழும்பிப் போய்ப் பார்த்தபோது அம்மா சீலை மாற்றிக்கொண்டு, துணிப்பையோடு விறாந்தையில் நின்றாள். அந்தப் பெட்டிசப் பிரதிகளைச் சீலைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்தாள், கட்டிய நூல்கூட அவிழ்க்காமல். எங்கே என்று கேட்டேன். அன்புவழிபுரத்துக்கு என்றாள். "கொஞ்ச நாளைக்கு வசந்தியோட, பிள்ளையோட நிக்கப் போறன். அவன்ர கொப்பி வரேக்க நானும் பக்கத்தில இருந்து வாசிக்கிறன் எண்டு எழுதி விடுங்கோ." எப்போது திரும்பி வருவாள் என்று சொல்லவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆகையால் கேட்கவில்லை. பஸ் ஏறும் வரைக்கும் தெரு முனையில் நின்று பார்த்தேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வந்து நானே தேத்தண்ணீர் வைத்துக் குடித்தேன். பிறகு இந்தக் கடிதத்தை முடிக்க மேசைக்கு வந்தேன். சிவப்புப் பென்சிலைக் காணவில்லை. கொண்டுதான் போயிருக்கிறாள்.

அப்பா